கிளட்ச்சில் ஒன்றும் இல்லை

‘சுத்தம்’ என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். டிராக்டர் பட்டறை என்றால் கால் வைத்த இடமெல்லாம் ஆயில் வழுக்கும், தேடுகிற ஸ்பேனர் மட்டும் கிடைக்காது. இதுதானே உலக வழக்கம்? சுத்தத்தின் பட்டறையில் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். தினமும் காலையில் மரத்தூளைத் தூவித் தேய்த்துக் கூட்டுவார். ஸ்பேனர்கள் சுவரில் அளவு வாரியாகத் தொங்கும். ஒன்று இடம் மாறினாலும் மனிதருக்கு வேலை ஓடாது. மூலையில் ஒரு தகரத் தொட்டி, அதில் பாதிக்கு டீசல். எந்தச் சாமானாக இருந்தாலும் அந்தத் தொட்டியில் முங்கி எழுந்து, பிரஷ்ஷால் தேய்பட்டு, வெள்ளைத் துணியில் துடைபட்ட பிறகுதான் வண்டிக்குள் போகும். கடையிலிருந்து அட்டைப் பெட்டியோடு வந்த புதுச் சாமானுக்கும் அதே குளியல்தான். “எத்தனை கை பட்டு வந்துச்சோ, யார் கண்டா?” என்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். கல்யாணமான புதிதில், மனைவி கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளரை எடுத்து மறுபடி ஒரு முறை கழுவிவிட்டுத் தண்ணீர் குடித்தார். அதை அவள் பார்த்துவிட்டாள். “இனிமே உங்க தண்ணியை நீங்களே மொண்டு குடிச்சுக்குங்க” என்று அன்றைக்குச் சட்டம் போட்டவள், இருபத்தாறு வருடமாக அதை மாற்றவில்லை. அவரும் கழுவுவதை விடவில்லை.

கிளட்ச் என்றால் அவர்தான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு பெடலை மிதிப்பார். எந்த இடத்தில் வெற்றாக இறங்குகிறது, எந்த இடத்தில் கனக்கிறது என்று உள்ளங்கால் சொல்லிவிடும். பெடலை மிதித்தாலும் என்ஜினை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அடம் பிடிக்கிற வண்டிகளை எங்கெங்கிருந்தோ கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். அவர் கை வைத்து அனுப்பிய கிளட்ச் திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் ஜாஸ்தியாகவே உண்டு, அதை மறைப்பானேன்.

எந்த வண்டியைப் பற்றி நினைக்காமல் இருக்கவேண்டும் என்று இரண்டு வருடமாகப் பார்த்தாரோ, அந்த வண்டியையே ஒரு திங்கட்கிழமை காலை இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்து வந்து பட்டறை வாசலில் விட்டார்கள். தையல்காரம்மாவின் வண்டி. கூட வந்தவர் அவள் கணவரின் அண்ணன்.

“விக்கப் போறோம் மெக்கானிக். ஒரு ஆள் வந்து ஓட்டிப் பாத்தான். கிளட்ச் சரியா விடல, கியர் கரகரன்னு விழுதுன்னு சொல்லி ஒதுங்கிட்டான். என்னன்னு பாத்து முடிச்சுக் குடுங்க. இந்தச் சனியன் இனிமே கண் முன்னாடி நிக்க வேண்டாம்.”

அந்தச் சனியன் என்ன செய்தது என்பது அக்கம்பக்கம் எல்லாருக்கும் தெரியும். தையல்காரம்மாவின் கணவர் அதை வைத்து உழவுக்கும் பாரம் இழுக்கவும் போய்க்கொண்டிருந்தவர். டிரெய்லர் மாட்டும்போதெல்லாம் மனைவிதான் சீட்டில் உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்துக் கொடுப்பாள். அவர் இரண்டுக்கும் நடுவில் நின்று கொக்கித் துளையில் கம்பியைச் சொருகுவார். “மிதிச்சுக்கோ” என்பார், அவள் இடது காலால் கிளட்ச்சை மிதித்துக்கொள்வாள். நான்கு வருடம் அப்படித்தான் மாட்டினார்கள். அன்றைக்கு மத்தியானம், பாரம் இறக்கிவிட்டு வந்த சூட்டோடு இன்னொரு டிரெய்லரை மாட்டப் போனார்கள். அவர் “மிதிச்சுக்கோ” என்றார். வண்டி பின்னால் வந்துவிட்டது. நடுவே இருந்தது ஒரு முழம்தான். அவள் இன்னொரு காலைப் பிரேக்குக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“நான் காலை எடுக்கல, நான் காலை எடுக்கல” என்று அவள் கரடியாகக் கத்தினாள். யார் கேட்டார்கள்? மறுநாள் காலையில் அண்ணன் ஆள் அனுப்பிச் சுத்தத்தை வரவழைத்தார். நான்கு மாதத்துக்கு முன்னால் அந்த வண்டிக்குப் புதுக் கிளட்ச் போட்டவர் அவர்தானே. செருப்பைக் கழற்றினார், ஏறினார், ஸ்டார்ட் செய்தார், மிதித்து கியரைப் போட்டார். வண்டி அசையவில்லை. நான்கு முறை போட்டுப் பார்த்தார், நான்கு முறையும் அசையவில்லை. கீழே இறங்கி, வாசலில் நின்ற கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி, “கிளட்ச்சுல ஒண்ணும் இல்ல. நான் போட்ட கிளட்ச்” என்றார். உள்ளறைக் கதவோரம் அவள் சுருண்டு உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்தார். பார்த்தும் அதைத்தான் சொன்னார்.

அதோடு தீர்ப்பு எழுதியாகிவிட்டது. சம்பவம் நடந்த அன்று பதினாலு வயது மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். இரண்டு வருடமாகியும் அந்தப் பெண் அம்மாவிடம் திரும்பி வரவில்லை. தெருவில் அம்மா எதிரே வந்தால் அந்தப் பக்கமாகக் கடந்து போய்விடுவாள்.

சரி, வண்டிக்கு வருவோம். ரொம்ப நாள் நின்ற டிராக்டரில் கிளட்ச் விடவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு துருதான் காரணம். கிளட்ச் பிளேட்டு துருப்பிடித்து, என்ஜினோடு சுற்றுகிற ஃபிளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். சுத்தமும் அப்படித்தான் நினைத்தார். வெறுங்காலோடு ஏறி மிதித்தார். பெடல் வெற்றாக இறங்க வேண்டிய தூரம் இரண்டு விரற்கடை; சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டார், சத்தமே இல்லாமல் விழுந்தது. துருவாக இருந்தால் இப்போதுதானே பிடிக்க வேண்டும்? வாங்க வந்தவன் விருப்பமில்லாமல் ஏதோ சாக்குச் சொல்லியிருப்பான் என்று தோன்றியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியில் அரைமணி நேரம் ஓட்டினார். பின்னால் ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு நிறுத்தி, பெடலை அடிவரை மிதித்து, ரிவர்ஸ் கியரைத் தள்ளினார். பல்லோடு பல் அறைந்துகொண்டு கரகரவென்று விழுந்தது. வண்டி பின்னால் போனது.

மெதுவாகத்தான் போனது. காலை எடுத்துவிட்டோமோ என்று குனிந்து பார்த்தார். கால் அப்படியேதான் இருந்தது, பெடல் அடித்தகட்டில் முட்டிக்கொண்டு நின்றது. என்ஜினை அணைத்தார்.

ஆறியிருந்தால் விடுகிறது, சூடேறினால் பிடிக்கிறது. துரு அப்படிச் செய்யாது. பெடல் கம்பிகளில் ஆட்டம் இருந்தால் சூட்டுக்கும் ஒன்றுதான், குளிருக்கும் ஒன்றுதான். பிளேட்டு வளைந்திருக்கலாம், இல்லையென்றால் நடுவில் இருக்கிற சின்ன பேரிங். இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் டிராக்டரை இடுப்போடு இரண்டாகப் பிரிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுக்க அதுதான் வேலை. பிரித்துப் பார்த்தால் பிளேட்டு தட்டையாக, நல்லபடியாக இருந்தது. ஃபிளைவீலின் மையத்தில் உட்கார்ந்திருந்த பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றினார். உலர்ந்துபோய்க் கரகரவென்று முரண்டு பிடித்துச் சுற்றியது; ஆறியிருக்கும்போதே இப்படியென்றால் சூட்டில் இறுகித்தான் போகும்.

அது ஒன்றும் பெரிய சாமான் இல்லை, உள்ளங்கையில் அடங்கிவிடும். கியர்பெட்டியிலிருந்து வருகிற தண்டின் மூக்கு அதற்குள் உட்கார்ந்திருக்கும். கிளட்ச்சை மிதித்தால் ஃபிளைவீல் என்ஜினோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், தண்டு நிற்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே உருண்டு கொடுப்பதுதான் பேரிங்கின் வேலை. அது இறுகிவிட்டால் அப்புறம் பெடலை மிதித்தென்ன, மிதிக்காமல் விட்டென்ன? ஃபிளைவீல் தண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

பேரிங்கை இழுத்து வெளியே எடுத்தார். கருநீலமாக வெந்திருந்தது. இரண்டு பக்கமும் தகடு வைத்து மூடின ரகம். ஆயுளுக்கும் போதுமான கிரீஸை உள்ளே அடைத்துத்தான் தயாரிக்கிற இடத்தில் மூடுவார்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு பக்கத் தகட்டை நெம்பினார். கிரீஸ் சூட்டில் தீய்ந்திருந்தால் கரிமாதிரி அடை இருக்கும். அடை இல்லை. கிரீஸ் இருந்த சுவடே இல்லை. கழுவி விட்டதுபோல இருந்தது.

கழுவி விட்டதுபோல என்ன, கழுவித்தான் விட்டிருந்தார். பழைய டிராக்டர்களில் அந்த இடத்தில் பித்தளை வளையம்தான் வரும். அதைக் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போட வேண்டும். அவர் கை பழகினது அப்படி. மூடின பேரிங் வர ஆரம்பித்த பிறகும் கை அதே வேலையைத்தான் செய்தது. தொட்டியில் முக்கினார், பிரஷ் போட்டார், துடைத்தார், மேலே கிரீஸைத் தடவினார். தகட்டின் இடுக்கு வழியாக டீசல் உள்ளே போய், அங்கே இருந்த கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்தது அவருக்குத் தெரியவில்லை. பேரிங் பெட்டிக்குள், கழுவக் கூடாது என்று ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதை அவர் படித்ததில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை. எனக்கே சொல்லிக் கொடுக்கிறானா என்ற நினைப்பு.

டீசல் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மனிதரைக் கொன்றது தன் கை என்பது முதலில் உறைத்தது. அடுத்து உறைத்தது அதைவிட மோசம். தன் கால்தான் புருஷனைக் கொன்றது என்று ஒருத்தி இரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படி நம்ப வைத்தது தன் வாய்.

அந்த நேரம் பார்த்து அண்ணனிடமிருந்து போன் வந்தது.

“என்ன மெக்கானிக், என்ன கோளாறு?”

“உள்ள ஒரு சின்ன பேரிங் பிடிச்சிருக்கு.”

“ரெண்டு வருஷம் சும்மா நின்ன வண்டி, பிடிக்கத்தான் செய்யும். மாத்திடுங்க.”

“உம்” என்றார். அந்த ‘உம்’ எவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. புதுப் பேரிங்கைப் போட்டு மூடிவிட்டால் தீர்ந்தது. வண்டி யாரிடமோ போய்விடும். ஈ காக்காய்க்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவர், டம்ளரைக் கழுவாமல் அப்படியே தண்ணீர் மொண்டு குடித்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

“என்னங்க ஆச்சு?”

ஒன்று விடாமல் சொன்னார்.

“பட்டறையை மூட வேண்டி வருமா?” என்றாள் முதலில். குடும்பம் நடத்துகிறவள் அப்படித்தானே கேட்பாள்.

“வரலாம். கேஸும் வரலாம்.”

“அந்த அண்ணன் சும்மா விடமாட்டாரு.”

“விடமாட்டாரு.”

அவள் கத்தியை எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். “போன மாசம் துணி தைக்கக் குடுத்திருந்தேன்ல, வாங்கப் போனேன். தையல் மிஷினை எல்லாரும் ரெண்டு காலாலயும்தானே மிதிப்பாங்க? அந்தம்மா வலது காலால மட்டும் மிதிக்கிறாங்க. இடது காலை ஸ்டூலுக்குப் பின்னால மடக்கி வச்சிருக்காங்க. கால் வலியான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“அந்தக் காலை நம்ப முடியாதுன்னாங்க.”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இருபத்தாறு வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அழாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. “போய்ச் சொல்லிடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

வாயால் சொன்னால் போதுமா? மெக்கானிக் இரக்கப்பட்டு ஒரு கதை கட்டிவிட்டார் என்பார்கள். தையல்காரம்மாவே நம்ப மாட்டாள். அதனால் புதனும் வியாழனும் அவர் செய்த காரியத்தை வேறு எந்த மெக்கானிக்காவது பார்த்திருந்தால் இவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பான். புதுப் பேரிங் அலமாரியில் பெட்டியோடு இருக்க, வெந்துபோன பழைய பேரிங்கையே அதே குழியில் தட்டி இறக்கி, பிரித்த டிராக்டரைப் பழையபடி சேர்த்து மூட்டினார். அவர் ஆயுசில் கெட்ட சாமானைத் தெரிந்தே உள்ளே வைத்தது அந்த ஒரு தடவைதான். பின் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கனமான கட்டைகளை அடுக்கி, இரண்டும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டினார். அதே ரகப் பேரிங்கைக் கழுவிப் போட்ட மற்ற வண்டிகளை யோசித்து யோசித்து ஓர் அட்டையில் எழுதினார். பதினொன்று வந்தது. ஒவ்வொருவருக்கும் போன் செய்து, நான் வந்து பார்க்கிறவரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்கிறேன் என்றார்.

அண்ணனுக்கும் சொல்லி அனுப்பினார். தையல்காரம்மாவும் மகளும் வராமல் வண்டியைத் தர முடியாது என்று கறாராகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் அந்தப் பெண்ணோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். தையல்காரம்மா தனியாக நடந்து வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசற்படியோரம் நின்றாள். மகள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏறி உக்காருங்கம்மா” என்றார் சுத்தம்.

தையல்காரம்மா “என்னால முடியாதுங்க” என்று இரண்டு அடி பின்னால் போனாள்.

“நான் ஏறுறேன். சீக்கிரம் முடிங்க” என்று மகள் வெடுக்கென்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அவரே ஸ்டார்ட் செய்து கியரைப் போட்டுக் கொடுத்தார். பெரிய சக்கரங்கள் காற்றில் சுற்றின. மிதிக்கச் சொன்னார், மிதித்தாள். சக்கரம் வேகம் குறைந்தது. டயரில் ஒரு கையை வைத்துச் சுலபமாக நிறுத்திக் காட்டினார்.

“நல்லாத்தானே இருக்கு? இதுக்கா எங்களை வரச் சொன்னீங்க?” என்றார் அண்ணன்.

“அன்னிக்கு மறுநாள் காலைல நானும் இப்படித்தான் பாத்தேன். ராத்திரி பூரா நின்னு ஆறிப்போன வண்டியை. கொஞ்சம் பொறுங்க.”

என்ஜினை அரைமணி நேரம் ஓட விட்டார். நடுநடுவே மிதித்து மிதித்து விடச் சொன்னார். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. தையல்காரம்மா சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இடது காலைப் பின்னால் மடக்கி வைத்திருந்தாள். சுத்தம் அதைப் பார்த்தார், பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“இப்ப மிதிம்மா. அடி வரைக்கும்.”

மிதித்தாள். சக்கரம் தயங்கியது. பிறகு ஒரு வெட்டு வெட்டிவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அந்தப் பெண் குனிந்து தன் காலைப் பார்த்தாள். இன்னும் அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, இரண்டு காலையும் பெடல்மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுக்க அதில் போட்டாள். பெடல் தகட்டில் முட்டிக்கொண்டு நின்றது. சக்கரம் சுற்றியது.

“காத்துல தொங்குற சக்கரம் சும்மாவே சுத்தும்” என்றார் அண்ணன். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

சுத்தம் இந்தத் தடவை டயரில் கையை வைக்கவில்லை. கை கனத்துக்கு ஒரு மரக்கட்டையை எடுத்து டயரின் பல்லுக்கும் தரைக்கும் நடுவே கொடுத்துவிட்டு விலகி நின்றார். சக்கரம் அதைக் கீழே இழுத்தது. கட்டை படாரென்று இரண்டாக ஒடிந்தது. தையல்காரம்மா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

அவர் எட்டி என்ஜினை அணைத்தார்.

“அன்னிக்கு உங்கம்மா காலை எடுக்கலம்மா” என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். “நீ இப்ப மிதிச்ச மாதிரிதான் அவங்களும் மிதிச்சாங்க. உள்ள இருக்குற பேரிங் சூட்டுல பிடிச்சிடுச்சு. அதுல இருந்த கிரீஸைக் கழுவி எடுத்தது நான். சுத்தம் பண்றேன்னு தெரியாம கழுவினேன். மறுநாள் உங்க வாசல்ல வந்து நின்னு, உள்ள பிரிச்சுப் பாக்காமலே ஒண்ணும் இல்லன்னு சொன்னதும் நான்தான்.”

அண்ணன் பாய்ந்து வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவர் கையைத் தடுக்கவில்லை. அடி விழும் என்று நினைத்தார். விழுந்தால் தேவலை என்றுகூட நினைத்தார். அண்ணன் அடிக்கவில்லை. தம்பியை நினைத்தாரோ, தம்பி மனைவியை இரண்டு வருடமாகத் தான் பார்த்த பார்வையை நினைத்தாரோ, பிடியை விட்டுவிட்டு வாசற்படியில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மகள் இன்னும் டிராக்டர் மேலேயே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“எங்கிட்ட நீ ஏம்மா ஒரு தடவைகூடச் சொல்லல?”

“சொன்னேன்டி” என்றாள் தையல்காரம்மா. குரலில் கோபம் இல்லை. “அன்னிக்கு ராத்திரி பூரா எல்லார்கிட்டயும் சொன்னேன். நீ வந்ததும் உங்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தேன். காலைல இவரு வந்து ஒண்ணும் இல்லன்னு சொல்ற வரைக்கும் சொல்லிட்டுத்தான் இருந்தேன். அதுக்கப்புறம் எனக்கே தெரியாமப் போச்சு.”

சுத்தம் தலை குனிந்து நின்றார். அவரை யாரும் பார்க்கவில்லை. மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியை விடாமல், அணைந்துபோன வண்டியின் பெடலை இரண்டு காலாலும் இன்னும் அழுத்திக்கொண்டே அழுதாள். தையல்காரம்மா ஒடிந்த கட்டையைத் தாண்டி வந்து, கையை நீட்டி அவள் கணுக்காலைத் தொட்டாள்.

“போதும்மா. காலை எடு.”